உள்ளங்கைத் திரையும் ஓர் அவசரத் தீர்ப்பும்

பஸ்ஸில் போகும்போது சிறிய கருவிகளில் படம் பார்ப்பது பயனுள்ள காரியமா, வீண் வேலையா? எமது பிரதேசத்து இலக்கிய நண்பர்கள் கூடுமிடங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. ஒரு சாரார், கண்ணுக்கும் கேடு, காதுக்கும் கேடு, வாசிப்புக்கும் கேடு என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவர். மறு சாரார், நேரமில்லாத மனிதனுக்கு வேறு வழி என்ன என்று கேட்பர். இரு சாராரும் பேசுவது பார்ப்பவனைப் பற்றி. பார்க்கப்படும் படத்துக்கு என்ன நேர்கிறது என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதைக் கேட்பதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. இக்கட்டுரையை எழுத வைத்ததும் அதுவே.

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கமாகவுள்ள ஒரு கிராமப் பாடசாலைக்குப் பல வருடங்களாகப் பஸ்ஸில் போய் வருகிறேன். தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று போகும் பாதை. போக ஒன்றேகால் மணித்தியாலம், வர ஒன்றேகால் மணித்தியாலம். வருடத்தில் 190 நாட்கள் பாடசாலை என்று வைத்துக்கொண்டாலும் 475 மணித்தியாலங்கள் பஸ்ஸில் கழிகின்றன. இரண்டு மணித்தியாலப் படங்கள் என்றால் இருநூற்றுக்கும் மேல் பார்த்து முடிக்கலாம். ஆசிரியத் தொழில், வீடு, பிள்ளைகள், வயல் என்று இருக்கும் ஒருவனுக்கு இது சிறிய நேரமன்று.

2008ஆம் ஆண்டு இப்பாதையில் போகத் தொடங்கிய நாட்களில், கல்முனையில் ஒரு கடையில் எம்.பி.4 என்ற பெயரில் விற்ற சீனக் கருவி ஒன்றை வாங்கினேன். நெருப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. திரை 1.8 அங்குலம். இறுவட்டில் உள்ள படத்தைக் கணனியில் போட்டு, அக்கருவிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றி ஏற்ற வேண்டும். ஒரு படத்தை மாற்றவே ஓர் இரவு போய்விடும். யுத்தம் முடியாத காலம். சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் மீண்டும் ஏற வேண்டியிருந்தது. ஒரு படத்தை மூன்று நாட்களாகப் பார்த்ததும் உண்டு. பின்னர் கைப்பேசி வந்தது. கருவி மேசை லாச்சிக்குள் போயிற்று. ஆனால் பழக்கம் போகவில்லை.

ஒருவர் மட்டும் பார்க்கும் படம்

இது புதிய பழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சினிமா பிறந்ததே ஒருவர் மட்டும் பார்க்கும் பொருளாகத்தான். எடிசனின் கினெற்றொஸ்கோப் நிலையம் 1894ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி நியூயோர்க்கில் திறக்கப்பட்டது. மரப் பெட்டியின் மேலிருந்த துவாரத்தில் கண்ணை வைத்து ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். அடுத்தவர் தமது முறை வரும்வரை காத்து நிற்க வேண்டும். லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28ஆம் திகதி பாரிஸ் நகரின் கிராண்ட் கபேயில் கட்டணம் வாங்கிக்கொண்டு திரையில் படம் காட்டியதுடன் நிலைமை மாறியது. பலர் ஒன்றாக அமர்ந்து ஒரே திசையில் பார்க்கும் கலையாகச் சினிமா ஆயிற்று.

அதன்பின் திரையை மீண்டும் கைக்குள் கொண்டுவரும் முயற்சி ஓயவில்லை. 1982இல் சொனி நிறுவனம் வோச்மன் என்ற கையடக்கத் தொலைக்காட்சிப் பெட்டியை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைத் திரை, அகலம் இரண்டு அங்குலமளவில். 2004இன் இறுதியில் அதே நிறுவனத்தின் பி.எஸ்.பி. விளையாட்டுக் கருவி ஜப்பானில் வந்தபோது அதற்கெனச் சிறிய வட்டுகளில் திரைப்படங்களும் விற்கப்பட்டன. 2005 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் 2.5 அங்குலத் திரையுடன் படம் பார்க்கக்கூடிய ஐபொட்டை அறிமுகம் செய்தது. அந்த ஐபொட் வரிசையே 2022 மே மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. இவை எல்லாவற்றின் வேலையையும் கைப்பேசி எடுத்துக்கொண்டது.

இங்கு ஒரு தோல்வியையும் குறிப்பிட வேண்டும. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் குவிபி என்றொரு சேவை தொடங்கப்பட்டது. கைப்பேசியில் மட்டும் பார்ப்பதற்காகவே, பத்து நிமிடத்துக்கு மேற்படாத துண்டுகளாகப் படங்களைத் தயாரித்து வழங்கியது. பயணத்தில் இருப்பவனே அதன் இலக்கு. 1.75 பில்லியன் டொலர் திரட்டப்பட்டிருந்தும் அதே வருடம் டிசம்பரில் மூடப்பட்டது. கொரோனா காலத்தில் பயணமே நின்றுபோனது ஒரு காரணம். மற்றொன்றையும் சொல்லலாம். பயணி தனக்கென்று அளவெடுத்துத் தைத்த கதையைக் கேட்கவில்லை. நல்ல கதையைத்தான் கேட்கிறான். அது துண்டுபட்டாலும் பொறுத்துக்கொள்கிறான். வார இதழில் தொடர்கதை வாசித்த எமக்கு இது விளங்காத விடயமன்று.

முகங்கள் தப்பிவிடுகின்றன

சிறிய திரையில் நான் அடைந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். நன்றி மறக்கலாகாது.

ஈரானிய நெறியாளர் அப்பாஸ் கியாரொஸ்தாமியின் ‘பத்து’ என்ற படம் 2002இல் வெளிவந்தது. தெஹ்ரான் நகரில் ஓடும் ஒரு காருக்குள்ளேயே முழுப்படமும் நடக்கிறது. காரின் முன்புறத்தில் பொருத்திய சிறிய டிஜிற்றல் கமெராக்களால் எடுக்கப்பட்ட பத்து உரையாடல்கள். முதல் உரையாடலில் தாயோடு சண்டை பிடிக்கும் மகனின் முகத்தை மட்டுமே நீண்ட நேரம் காண்கிறோம். தாயின் குரல் கேட்கிறது, முகம் அப்பகுதி முடியும் தறுவாயில்தான் வருகிறது. இப்படத்தைப் பஸ்ஸில் பார்த்தேன். எந்தக் குறையும் தோன்றவில்லை. ஓடும் வாகனத்துக்குள் இருந்து ஓடும் வாகனத்துக்குள் நடப்பதைப் பார்ப்பது பொருத்தமாகக்கூட இருந்தது. முகமும் பேச்சும் கொண்டு கட்டப்பட்ட படம் எவ்வளவு சிறிய திரைக்குள்ளும் தங்கிவிடும் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’வையும் பஸ்ஸில்தான் பார்த்தேன். 1997இல் எடுக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் திரையிட விடாமல் தடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் வரை சென்று 2001இல் திரைக்கு வந்த சிங்களப் படம் அது. யுத்தத்தில் மகன் இறந்துவிட்டான் என்று முத்திரையிட்ட சவப்பெட்டி வருகிறது. கண் தெரியாத தந்தை நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் படிவத்தில் கையொப்பம் வைக்க மறுக்கிறார். அத்தந்தையாக ஜோ அபேவிக்கிரம நடித்திருந்தார்.

அன்று திருக்கோவிலில் ஏறிய ஒரு வயோதிபர் எனக்குப் பக்கத்தில் அமர்ந்தார். சிறிது நேரம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “என்ன படம் மாஸ்டர்?” என்றார். காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவருக்குச் சிங்களம் ஓரளவு விளங்கியது. பத்து நிமிடம் கழித்து, “மகன் செத்திட்டான் எண்டு இந்த மனிசன் நம்பல்ல, என்ன?” என்றார். “ஓம் ஐயா, நம்பல்ல” என்றேன். அதன்பின் இறங்கும்வரை அவர் ஒன்றும் கதைக்கவில்லை. இறங்கும்போது காதுக்குமிழைத் தமது சட்டை நுனியில் துடைத்து என் கையில் தந்துவிட்டுப் போனார். அவருக்கு என்ன கதை இருந்ததோ நான் கேட்கவில்லை. யுத்தம் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது.

ஆகவே, உள்ளங்கைத் திரையில் கலை நிகழாது என்று கூறுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நிகழும். என் கண்முன்னே நிகழ்ந்தது.

வரம்பில் வந்த மனிதன்

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2016இல் எங்கள் பகுதி இளைஞர் ஒருவர் பதினேழு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்திருந்தார். என்னிடம் படித்தவர் அல்லர். ஆனால் நான் பத்திரிகைகளில் எழுதும் நூல் மதிப்புரைகளை வாசித்தவர். படத்தை நான்கு துண்டுகளாக வட்ஸ்அப்பில் அனுப்பி, “சேர், பார்த்துவிட்டு உண்மையான அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார். மறுநாள் காலை பஸ்ஸில் பார்த்தேன்.

கதை இதுதான். குடும்பத்தைவிட்டுப் போன வாப்பா. வயல் ஓரத்தில் வீடு. உம்மாவும் ஒரு மகளும். படத்தின் நடுவில் கமெரா வீட்டு வாசலில் நின்று வயலைப் பார்க்கிறது. அறுவடை முடிந்த வயல். மகள் வாசலில் அமர்ந்து பாடப் புத்தகம் வாசிக்கிறாள். இப்படியே மூன்று நிமிடம். பின்னர் மறுநாள் காலை அவள் வரம்பில் ஒரு பையைக் கண்டெடுக்கிறாள். பைக்குள் ஒரு சோடிச் சப்பாத்து. படம் முடிகிறது.

எனக்கு இது ஒட்டவில்லை. பை எங்கிருந்து வந்தது? பஸ்ஸை விட்டு இறங்குமுன்னரே பதில் அனுப்பினேன். “தம்பி, முயற்சி நன்று. ஆனால் நடுவில் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அதை வெட்டினால் படம் இறுக்கமாக இருக்கும். பை வருவதற்கும் ஒரு காரணம் வேண்டும்.” அவரும் நன்றி கூறிப் பதில் அனுப்பினார். நானும் ஓர் இளைஞருக்கு வழிகாட்டிய திருப்தியோடு வகுப்புக்குப் போனேன்.

இரண்டு வருடங்களின் பின் பாடசாலையில் ஒரு கலை நிகழ்ச்சி. பிள்ளைகளுக்குப் படம் காட்டலாம் என்று அந்த இளைஞரை அழைத்தோம். வெட்டிய படம், வெட்டாத படம் இரண்டையும் கொண்டுவந்திருந்தார். வெட்டாததைப் போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். மண்டபத்து யன்னல்களைச் சாக்கினால் மறைத்து, வெள்ளைச் சுவரில் புரொஜெக்டரால் காட்டினோம்.

அந்த மூன்று நிமிடம் வந்தது. முன்வரிசையில் நிலத்தில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, “அந்தா, ஒராள் வாறாரு!” என்று கத்தியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். வயலின் அந்தத்தில், பனைகளுக்குக் கீழே, ஒரு சிறிய உருவம் வரம்பில் நடந்து வந்துகொண்டிருந்தது. கையில் ஒரு பை. பிள்ளைகள் எல்லோரும் அந்த உருவத்தையே பார்க்கத் தொடங்கிவிட்டனர். வாசலில் இருக்கும் மகள் மட்டும் தலை நிமிரவில்லை. உருவம் பாதி வயல்வரை வந்தது. நின்றது. நெடுநேரம் நின்றது. குனிந்து எதையோ கீழே வைத்தது. பின்னர் திரும்பியது. “திரும்பிப் போறாரு!” என்று அதே பிள்ளை சொன்னது. இம்முறை கத்தவில்லை, மெதுவாகச் சொன்னது.

நான் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று எழுதிய இடத்தில்தான் முழுப்படமும் நடந்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அவரைத் தனியே கண்டு, “தம்பி, அந்த மனிதரை நான் அன்று காணவில்லை” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர், “நீங்க சொன்னதாலதான் சேர் வெட்டினன். நீங்க பாத்திட்டுத்தானே சொல்லியிருப்பீங்க எண்டு நெனச்சன்” என்றார். வெட்டிய படத்தைத்தான் ஒரு போட்டிக்கு அனுப்பியதாகவும், அது தெரிவாகவில்லை என்றும் பின்னர் வேறொருவர் மூலம் அறிந்தேன். வெட்டாமல் அனுப்பியிருந்தால் தெரிவாகியிருக்கும் என்று நான் கூற வரவில்லை. அதை யாரும் அறிய முடியாது. ஆனால் பார்க்காத ஒன்றைப் பற்றி நான் தீர்ப்புச் சொன்னேன். அத்தீர்ப்பை நம்பி ஒருவர் தமது படைப்பின் உயிரை வெட்டி எறிந்தார். இது நடந்தது.

கியாரொஸ்தாமியின் இன்னொரு படத்தை அதன் பின்னரே முறையாகப் பார்த்தேன். 1994இல் வந்த ‘ஒலிவ் மரங்களினூடாக’. 1990ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அழிந்த வடஈரானியக் கிராமப் பகுதி. வீடில்லாத ஏழை இளைஞன் ஒருவன், தான் மணக்க விரும்பும் பெண்ணின் பின்னால் ஒலிவ் தோட்டத்தினூடாகப் போகிறான். அவள் பதில் சொல்வதில்லை. இறுதிக் காட்சியில் கமெரா குன்றின் மேல் நின்றுவிடுகிறது. இருவரும் கீழே பச்சை வயலில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாகச் சிறுத்துப் போகின்றனர். ஒரு புள்ளி மற்றதை நெருங்குகிறது. பின்னர் அது திரும்பி ஓடிவருகிறது. அவள் என்ன சொன்னாள் என்பது எமக்குக் கேட்பதில்லை. 2009இலேயே இப்படத்தை எனது 1.8 அங்குலத் திரையில் பார்த்து, முடிவு விளங்கவில்லை என்று நண்பர் ஒருவரிடம் குறைபட்டிருக்கிறேன். என் திரையில் புள்ளிகளே இருக்கவில்லை. வெறும் பச்சைதான் இருந்தது. ‘பத்து’ எடுத்த அதே கலைஞனின் படம்தான் இதுவும். ஒன்று சிறிய திரையில் பிழைத்தது. மற்றது செத்துப்போயிற்று.

எதனால் இழக்கிறோம்?

திரை சிறியது என்பது மட்டுமா காரணம்? கணக்குப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. எனது பழைய கருவியின் திரையில் 160க்கு 128 என்ற அளவில் இருபதினாயிரம் புள்ளிகளே இருந்தன. ஒரு டி.வி.டி. இறுவட்டின் படத்தில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. இருபதில் பத்தொன்பது பங்கை எறிந்துவிட்டு மிச்சத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இன்றைய கைப்பேசித் திரைகளிலோ இருபது இலட்சம் புள்ளிகள் சாதாரணம். அளவும் குறைவென்று சொல்ல முடியாது. 13 சென்ரிமீற்றர் அகலப் படத்தை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால் அது கண்ணில் ஏறத்தாழ 24 பாகை விரிகிறது. வீட்டிலுள்ள 32 அங்குல டீவியை மூன்று மீற்றர் தள்ளியிருந்து பார்த்தால் 14 பாகைகூட வராது. கணக்கின்படி கைப்பேசியே பெரிய திரை!

அப்படியாயின் எங்கே தவறுகிறது? என் அனுபவத்தில் நான்கு காரணங்களைக் கூறுவேன்.

முதலாவது, படம் வந்து சேரும் வழி. வட்ஸ்அப் போன்றவை படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. சுருக்கும்போது முதலில் பலியாவது தூரத்திலுள்ள, மங்கலான, மெதுவாக அசையும் சிறு பொருள். வரம்பில் நடந்த மனிதரும் அப்படித்தான் வைக்கோல் நிறத்துக்குள் கரைந்துபோனார்.

இரண்டாவது, வெளிச்சம். காலைப் பயணத்தில் கிழக்கே கடற்பக்க யன்னலால் வெயில் நேரே திரையில் விழும். இருண்ட காட்சிகளில் நாம் காண்பது எமது முகத்தையே.

மூன்றாவது, ஆட்டம். பாதையின் குழிகளுக்கேற்பக் கையும் திரையும் தலையும் வெவ்வேறாக அசைகின்றன. கண் ஓரங்களைத் தேடும் தெம்பை இழந்து, நடுவில் தெரியும் பெரிய உருவத்தைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணுக்குத் திரை நிலையாகவும் உட்செவிக்கு உடம்பு அசைவதாகவும் தோன்றுவதால் சிலருக்குத் தலைச்சுற்றும் குமட்டலும் வருகின்றன. பஸ் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதும் காதுக்குத் தீங்கு. வளர்ந்தவர் ஒருவருக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒலி கூடக்கூட அந்நேரம் வேகமாகக் குறைந்துவிடும். மௌனத்தை நம்பி எடுத்த காட்சிக்கு இரைச்சலில் இடமே இல்லை.

நான்காவதுதான் பெரியது. அது எமது விரல். உண்மையை எழுத வேண்டும். அந்த மூன்று நிமிடத்தையும் நான் முழுமையாகப் பார்க்கவில்லை. இரண்டு தடவை விரலால் தள்ளி முன்னே போனேன். சுருக்கமும் வெயிலும் குழியும் என்னை ஏமாற்றின என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் காத்திருக்கத் தயாராக இருக்கவில்லை என்பதே.

‘பஸ்ஸில் புத்தகம் வாசிப்பதும் துண்டு துண்டாகத்தானே? அதற்கு மட்டும் ஏன் சலுகை?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பயணமும் வாசிப்பும் பழைய சிநேகிதர்கள். 1935இல் இங்கிலாந்தில் ஆறு பென்சுக்குப் பெங்குயின் நூல்கள் வந்தபோது, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறியவர்கள் பலர். ஆனால் நூலில் வேகம் வாசகனுடையது. ஒரு பந்தியை ஐந்து நிமிடம் வாசித்தாலும், நிறுத்தி நாளை தொடர்ந்தாலும் அது ஆசிரியன் எழுதிய அதே பந்திதான். சினிமாவில் நேரம் நெறியாளன் எழுதிய எழுத்து. மூன்று நிமிடக் காத்திருப்பு என்பது அப்படத்தில் ஒரு வாக்கியம். அதை முப்பது செக்கனாக்கினால் நாம் வேகமாக வாசித்தவர்கள் அல்லர், வாக்கியத்தை அடித்தவர்கள்.

டெக் காலத்தை நினைத்து ஏங்கலாமா?

இவ்விடத்தில் ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுவது எமது எழுத்தாளர்களுக்கு வழக்கம். எண்பதுகளின் இறுதியில் எங்கள் ஊரில் டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படம். நானும் சிறுவனாக அதில் இருந்திருக்கிறேன். ஆனால் எதைப் பார்த்தோம்? பிரதியின் பிரதி எடுத்துத் தேய்ந்த ஒளிநாடா, திரையில் மழை பெய்வதுபோல் கோடுகள், பின்னால் இருப்பவருக்குப் பேச்சே கேட்காது. எமது உம்மாமாரும் சாச்சிமாரும் உள்ளறைக் கதவிடுக்கால் பாதித் திரையைப் பார்த்தார்கள். கூட்டமாகப் பார்த்ததால் மட்டும் அது நல்ல பார்வை ஆகிவிடாது. அன்று கதவிடுக்கால் பார்த்த தலைமுறையின் மகள் இன்று தனது கைப்பேசியில் ஒரு படத்தை யாரும் மறைக்காமல் முழுமையாகப் பார்க்கிறாள். இதைச் சிறுமை என்று எப்படிச் சொல்வது?

ஆயினும் ஒன்றை அந்த முற்றம் வைத்திருந்தது. யாராவது ஒருவர், “அந்தா பார்!” என்று சொல்வார். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடிப்பார். பாடசாலை மண்டபத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்தது அதைத்தான். ஒரு திறனாய்வாளன் செய்ய வேண்டியதும் அதுவே. அன்று அந்தப் பிள்ளைதான் திறனாய்வாளன். நான் அல்லன்.

முடிவாக

பயணத்தில் படம் பார்ப்பது பயனுள்ளதா? ஆம், பயனுள்ளதே. முகமும் பேச்சுமான படங்களை அங்கு பார்க்கலாம். ஏற்கனவே பெரிய திரையில் பார்த்த படத்தை மீண்டும் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடமில்லை. இரண்டாம் பார்வையில் தெரியும் நுணுக்கங்கள் பல. மொழி கற்கலாம். எனது சிங்களத்தின் பாதி பஸ்ஸில் பார்த்த படங்களால் வந்தது. பக்கத்திலிருப்பவருக்கு ஒரு காதுக்குமிழைக் கொடுத்தால் இருவர் பார்க்கும் படமாகவும் அது ஆகிவிடும்.

ஆனால் அங்கிருந்து தீர்ப்புச் சொல்லக்கூடாது. தூரத்தைக் கொண்டும் மௌனத்தைக் கொண்டும் காத்திருப்பைக் கொண்டும் கட்டிய ஒரு படைப்பைப் பஸ்ஸில் பார்த்துவிட்டு அபிப்பிராயம் எழுதுவது, கடிதத்தை உறையோடு வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிட்டுப் பதில் போடுவதற்குச் சமம். இன்று எமது இளைஞர் பலர் குறும்படம் எடுக்கின்றனர். அவற்றை நாம் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறோம். பார்த்த சூட்டோடு இரண்டு வரி எழுதி அனுப்புகிறோம். அந்த இரண்டு வரியை ஒருவர் வேதவாக்காக எடுத்துக்கொள்வார் என்பதை மறந்துவிடுகிறோம்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் எமக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தந்தார். கரும்பலகையில் எழுதி முடித்ததும் கடைசி வாங்குக்குப் போய் நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்து தெரியாவிட்டால் பிள்ளையைக் குறை சொல்லாதே, அழித்துவிட்டுத் திரும்ப எழுது என்பார். இருபது வருடமாக வகுப்பில் அதைச் செய்து வருகிறேன். படம் பார்ப்பதற்கும் அதே விதி பொருந்தும் என்பது எனக்குத் தோன்றவில்லை. தெரியவில்லை என்றால் முதலில் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்திருக்க வேண்டும்.

அந்த இளைஞர் இப்போது வேறொரு படம் எடுத்திருக்கிறார். சென்ற மாதம் பாடசாலைக்கு வந்து பென்டிரைவைக் கையில் தந்தார். வட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது இன்னும் எனது மேசையில்தான் இருக்கிறது. பாடசாலைப் புரொஜெக்டரின் மின்குமிழ் பழுதாகியிருக்கிறது. திருத்தி வந்ததும், யன்னல்களை மறைத்துவிட்டு, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பார்ப்பதாக இருக்கிறேன். அதுவரை அபிப்பிராயம் இல்லை.